ஜெபத்துக்குப் புள்ளி போட்டவர்கள்

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை எதைச் செய்தாலும் அதற்கு யாராவது புள்ளி போடவேண்டும். பாடினால் புள்ளி, ஆடினால் புள்ளி, படம் கீறினால் புள்ளி. கிறிஸ்மஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டியாக வேஷம் கட்டி மேடையில் தவழ்ந்தால் அதற்கும் மூன்று பேர் முன்வரிசையில் பேனையோடு இருப்பார்கள். பிள்ளை முழந்தாளில் நின்று கண்ணை மூடி ஆண்டவரோடு கதைக்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் புள்ளிக்காரரின் கைக்கு எட்டாமல் கிடந்தது. எங்கள் சபை அதையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு வேண்டிய எழுதுகொப்பியைச் செய்து கொடுத்தவள் நான். ஆகவே இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமையும் இருக்கிறது, எரிச்சலும் இருக்கிறது.

கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கொம்பியூட்டரையும் ஒரு பிறின்ரரையும் வைத்துக்கொண்டு நான் சீவிக்கிறேன். கலியாணக் காட், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீட்டு அழைப்பிதழ், கடைத்திறப்பு நோட்டீஸ் எல்லாம் வரும். ஆனால் அரிசி பருப்பு வருவது நினைவு மலரில்தான். ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் படத்தோடும் வரலாற்றோடும் புத்தகம் அடித்துக் கொடுப்பது இங்கே வழக்கம். யார் செத்தாலும் அட்டை ஒன்றுதான்: நீல வானம், வெள்ளை மேகம், மூலையில் ஒரு புறா, நடுவே வட்டத்துக்குள் முகம். சைவ வீடென்றால் கீழே குத்துவிளக்கு, வேதக்கார வீடென்றால் சிலுவை. வேலிச் சண்டையில் வாழ்நாள் முழுக்க முகம் கொடுத்துக் கதைக்காத அண்ணன் தம்பிமாரைக்கூட ஒரே வானத்தில் ஒரே புறாவோடு மிதக்கவிட்டிருக்கிறேன்.

எங்கள் சபைச் செயலாளர் பெரிய பள்ளிக்கூடமொன்றில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விசயம் பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். அவருக்கு இன்னும் தெரியாது. கூட்டத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, யார் பிந்தி வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கனடாவில் மகள் வீட்டில் ஒரு கோடைகாலம் நின்றுவிட்டு வந்தவர், அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். பேத்தியுடைய கொப்பி. ரோசா நிற அட்டை, தங்க எழுத்தில் பிள்ளையின் பெயர், உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பூவும் கோடும்.

"அங்கத்தைப் பிள்ளையள் ஒவ்வொருத்தரும் தங்கடை பேர் போட்ட ஜேர்னல் வைச்சிருக்குதுகள். அதிலைதான் ஆண்டவரோடை கதைக்கிறது. எங்கடை பிள்ளையளுக்கு என்ன குறை?" என்று கேட்டார்.

கொப்பி கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. புரட்டிப் பார்த்தேன். பேத்தி அதில் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. தாத்தா ஊருக்குக் கொண்டுபோகக் கேட்டபோது அவள் ஏன் அவ்வளவு சுகமாகக் கொடுத்தாள் என்று எனக்கு விளங்கியது. மற்றவர்கள் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கள் பிள்ளைகளின் ஆவிக்குரிய வாழ்வில் இவ்வளவு நாளும் இல்லாமற் போனது இந்தத் தங்க எழுத்துத்தான் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

அந்த வருடம் திடப்படுத்தல் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். குழந்தையில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது தாய் தகப்பன் தங்களுக்காகச் சொன்ன விசுவாசத்தை, வளர்ந்த பிறகு பிள்ளைகள் தாங்களே சபைக்கு முன்னால் நின்று சொல்வதுதான் திடப்படுத்தல். பேராயர் வந்து தலையில் கை வைப்பார். அன்றைக்குத்தான் முதல் முதல் திருவிருந்தும் எடுப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஜேர்னல் செய்யும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

"ஊழியமாய்ச் செய்யுங்கோ பிள்ளை," என்றார் செயலாளர். ஊழியம் என்றால் ஒரு சதமும் வராது என்று அர்த்தம்.

ஆனாலும் எனக்கு ஆசை பிடித்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? எந்நாளும் செத்தவர்களுக்கே புத்தகம் செய்கிறவளுக்கு, உயிரோடு துள்ளித் திரிகிற பிள்ளைகளுக்கு ஒன்று செய்யக் கிடைப்பது சின்ன விசயமா? ஒவ்வொரு பிள்ளைக்கும் பிடித்த நிறத்தில் வெறும் அட்டை, கீழ் மூலையில் சின்னதாகப் பெயர், அவ்வளவுதான் என்று மாதிரியொன்று அடித்துக் கொண்டுபோனேன்.

செயலாளர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இதென்ன பிள்ளை, கடைக்கொப்பி மாதிரிக் கிடக்கு. பிள்ளையின்ரை படத்தைப் போடுங்கோ. பின்னாலை ஒரு வானம். ஒரு பக்கத்திலை புறா. பரிசுத்த ஆவியானவர் எல்லே!"

"சேர், அது செத்தவீட்டு அட்டை," என்றேன்.

"விசர்க்கதை கதையாதேங்கோ."

கமிட்டி முழுவதும் வானத்தின் பக்கம் நின்றது. ஒருவர் பிறந்த திகதியும் போட்டால் வடிவாக இருக்கும் என்றார். நான் வீட்டுக்கு வந்து, போன கிழமை செய்த நினைவு மலரைத் திறந்து, அதிலிருந்த கிழவரை எடுத்துவிட்டு வகுப்புப் பையன் ஒருவனின் பாஸ்போட் படத்தை வைத்தேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கழுத்துப்பட்டி, நேர்ப் பார்வை. கீழே ஒரே ஒரு திகதி. மற்றத் திகதிக்கு இடம் தானாகவே காலியாக இருந்தது.

பெற்றார் கூட்டத்தில் செயலாளர் அதைப் பெருமையோடு தூக்கிப் பிடித்தார். பையனின் தாய், "ஐயோ, என்ரை பிள்ளை!" என்று கத்திக்கொண்டு கதிரையில் சரிந்தார். பின்வரிசையில் இருந்த பெடியன் ஒருவன் மெல்லிய குரலில் "கண்ணீர் அஞ்சலி" என்றான். பிள்ளைகள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தது யார் என்று செயலாளர் கண்ணாடியைத் தூக்கித் தேடினார். அடுத்த கிழமை என்னுடைய வெறும் அட்டையே நிறைவேறியது. "நான் முதலே சொன்னனான், எளிமையாய் இருக்கவேணும் எண்டு," என்றும் செயலாளர் சொன்னார். இப்படிப்பட்டவர்களோடு சண்டை பிடிப்பதிலும் பார்க்கச் சுவரோடு பிடிக்கலாம். சுவர் கடைசியில் தான் வென்றதாகச் சொல்லாது.

உள்பக்கங்களுக்கும் மல்லுக்கட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் புள்ளிக்கோடு போட்டு, இன்றைய வாசகத்தின் மூன்று கருத்துகளை எழுதுக, அதிலிருந்து பெறும் படிப்பினை யாது என்று கேள்வி வைக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவரைப் பொறுத்தவரை பரலோகமே ஒரு வினாத்தாள். பாதிப் பக்கங்களை அவருக்கு விட்டுக்கொடுத்து, பாதியைப் பிள்ளைகளுக்காக வாங்கினேன். அந்தப் பாதியில் என்ன இருக்கவேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்பேன் என்றேன். பிள்ளைகளிடம் கேட்பதா என்று கமிட்டி கொஞ்சம் திகைத்தது. ஆனால் கூட்டம் நீண்டு பசியும் வந்துவிட்டதால் விட்டுவிட்டது.

ரியூசனுக்கும் ரியூசனுக்கும் இடையில் கிடைக்கிற இடைவெளியில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் ஆண்டவருக்குப் பகிடி சொல்ல ஒரு பக்கம் கேட்டான். எல்லோரும் அவரிடம் அழுதுகொண்டே போனால் அவருக்கும் அலுப்பு வராதா என்றான். ஒருத்திக்குக் கறுத்தப் பக்கம் வேண்டும், வெள்ளைப் பேனையால் எழுத. இன்னொருவன் ஒன்றுமே எழுதாமல் கீறிக்கொண்டிருக்கப் பக்கம் கேட்டான். இதுகளுக்கா ஆவிக்குரிய வாழ்வு இல்லை என்று இந்தக் கண்டறியாத கமிட்டி கவலைப்பட்டது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியாக வந்தவள் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை. தகப்பன் கட்டாரில். தாய் வீட்டில் தையல். அவளுடைய அண்ணன் போதைப் பழக்கத்தில் விழுந்து, மறுவாழ்வு நிலையத்துக்குப் போய்த் திரும்பிவந்து, மறுபடியும் விழுந்தவன். சபையில் எல்லோருக்கும் தெரியும். ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது மட்டும் தாயிடம் குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். பதில் வரமுதலே அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

அவள் பிறின்ரரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "ஆன்ரி, ஆண்டவரோடை சண்டை பிடிக்கலாமோ?"

"தாராளமாய்ப் பிடி."

"ஏசலாமோ?"

"ஏசு. அவர் கனபேரிட்டைக் கேட்டுப் பழகினவர்."

"எல்லாரும் அண்ணைக்காக ஜெபிக்கினமெண்டு சொல்லுகினம் ஆன்ரி. ஒருத்தரும் வீட்டை வாறேல்லை. இவரும் அப்பிடித்தான்." இவர் என்று அவள் சொன்னது ஆண்டவரை. பிறகு, "நான் எழுதுறதை ஆரும் வாசிப்பினமோ?" என்றாள்.

"நீயும் அவரும் மட்டும்தான். வேறை ஒருத்தரும் வாசிக்கமாட்டினம். அதுக்கு நான் பொறுப்பு," என்றேன்.

அவளுடைய பக்கங்களின் மேலே 'இண்டைக்கு உம்மோடை எனக்கு என்ன சண்டையெண்டால்' என்று, அவள் சொன்னபடியே பேச்சுத் தமிழில் அடித்தேன். எல்லாக் கொப்பிகளின் முதல் பக்கத்திலும், 'இது உனக்கும் ஆண்டவருக்கும் இடையிலானது; வேறு யாரும் திறக்கவேண்டாம்' என்று பெரிய எழுத்தில் போட்டேன். அச்சடித்தால் ஆட்கள் மதிப்பார்கள் என்று நம்பியது என் தொழிற்பழக்கம்.

கொப்பி கொடுத்த ஞாயிறு ஒரு திருவிழா. ஒவ்வொரு பிள்ளையும் மேலே வந்து, இரண்டு கையாலும் வாங்கி, கொப்பியைத் திருப்பிக் கமராவுக்குக் காட்டி, இறங்கவேண்டும். படங்கள் பின்னேரமே முகநூலில் ஏறிவிட்டன. அதற்கு முன்னர், ஆசீர்வாதம் சொல்வதற்குச் சற்று முன்னால், செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். மாத முடிவில் கொப்பிகள் சேர்க்கப்படும். நடுவர்கள் மூன்று பேர் திருத்துவார்கள். மிகச்சிறந்த தியானக் கொப்பிக்கு, லண்டனிலுள்ள குடும்பமொன்று தங்கள் தகப்பனார் ஞாபகார்த்தமாக வெள்ளிக்கிண்ணம் வழங்கும். திடப்படுத்தல் நாளன்று பேராயர் கையாலேயே கொடுக்கப்படும். சபை கைதட்டியது.

எனக்குக் கோபம் தலைக்குள் ஏறியது. வாசலில் வைத்து அவரை மறித்தேன். "சேர், முதல் பக்கத்திலை என்ன அடிச்சுக் கிடக்கெண்டு பாத்தனீங்களோ?"

"அது பிள்ளையளுக்குப் பிள்ளை. நாங்கள் பெரியாக்கள் எல்லே."

"ஆண்டவருக்கு எழுதினதை நீங்கள் ஏன் சேர் திருத்துறியள்?"

"திருத்தாட்டில் உதுகள் எழுதாதுகள்," என்றார். ஆயிரம் பிள்ளைகளைக் கரைசேர்த்த மனிதரின் முழு வேதாந்தமும் அந்த ஒரு வசனம்தான்.

கிண்ணம் என்ற சொல் காதில் விழுந்ததும் பெற்றாருக்கு ஆவி இறங்கியது. எத்தனை பக்கம் எழுதவேண்டும், கையெழுத்துக்குப் புள்ளி உண்டா, படம் ஒட்டினால் கூடுதலாகக் கிடைக்குமா என்று எனக்கே தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள். ஒரு தாய், போன வருடத்துக் கொப்பி ஏதாவது இருந்தால் பார்க்கத் தரமுடியுமா என்றார். போன வருடம் இப்படி ஒன்று இருக்கவே இல்லை என்றேன். நம்பவில்லை. எனக்குத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஒளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தொலைபேசியை வைத்தார்.

இரண்டாம் கிழமை வட்ஸ்அப்பில் மாதிரி வந்துவிட்டது. யாரோ கெட்டிக்கார ஆசிரியை ஒருவரின் கைவேலை. முதலாம் பந்தியில் பிரச்சினை, இரண்டாம் பந்தியில் ஜெபம், மூன்றாம் பந்தியில் ஆண்டவர் தந்த பதில், முடிவில் ஸ்தோத்திரம். பதில் கட்டாயம் வரவேண்டும், வராவிட்டால் புள்ளி குறையும் என்று கீழே குறிப்பு வேறு. உதாரணத்துக்குக் காய்ச்சல் ஒன்று போட்டிருந்தார். பிள்ளைகளும் அதையே பார்த்து எழுதினார்கள். அந்த மாதம் எங்கள் சபையில் காய்ச்சல் வந்து, ஜெபித்து, விடிய எழும்பிப் பரீட்சைக்குப் போனவர்களின் தொகையைச் சுகாதாரப் பகுதி அறிந்திருந்தால் வீட்டுக்கு வீடு மருந்தடிக்க வந்திருக்கும். பகிடிக்குப் பக்கம் கேட்டவனும் காய்ச்சலைத்தான் எழுதினான்.

செயலாளருக்கு மகிழ்ச்சி பிடிபடவில்லை. திருத்திய கொப்பிகளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனை. பாவமன்னிப்புக் கேட்ட இடத்தில் 'நன்று'. ஸ்தோத்திரம் சொன்ன இடத்தில் 'எழுத்தைக் கவனிக்கவும்'. ஒரு பிள்ளை, ஆண்டவரே என்னை மன்னியும் என்று மட்டும் எழுதி விட்டிருந்தது. அதன் கீழே 'எதற்காக? விரித்து எழுதுக' என்று போட்டிருந்தார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க எழும்பிப்போய்த் தேத்தண்ணி வைக்கவேண்டியிருந்தது.

எல்லாக் கொப்பியும் வந்தது, சண்டைக்குப் பக்கம் கேட்ட அந்தப் பிள்ளையின் கொப்பி மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, "அது எனக்கும் ஆண்டவருக்கும்" என்று மட்டும் சொன்னாளாம். கொப்பி தராத பிள்ளை ஆயத்தமில்லாத பிள்ளை, ஆயத்தமில்லாத பிள்ளையைப் பேராயர் முன்னால் நிறுத்த முடியாது என்று செயலாளர் தீர்த்துவிட்டார்.

மறுநாள் தாய் என் வீட்டுக்கு வந்தார். கதிரை நுனியில் இருந்தார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அக்கா, நீங்கள் சொன்னால் கேப்பாள். ஒருக்காக் குடுக்கச் சொல்லுங்கோ."

"ஒருத்தரும் வாசிக்கமாட்டினமெண்டு அவளுக்குச் சொன்னதே நான்தான். நானே போய் எப்பிடிக் கேக்கிறது?"

"எனக்கு அது விளங்குதக்கா. மூத்தவன்ரை விசயத்துக்குப் பிறகு சேர்ச்சிலை எனக்குப் பக்கத்திலை இருக்கவே ஆக்கள் யோசிக்கினம். இவளையும் நிப்பாட்டினால் நான் எந்த முகத்தோடை அந்த வாசலை மிதிக்கிறது? எனக்கு மிஞ்சினது இவள் ஒருத்திதான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

நான் போதகரிடம் போனேன். இளம் ஆள், இதுதான் அவருடைய முதற் சபை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்க்கிறவர்.

"எனக்கும் உங்கடை பக்கம்தான் அக்கா," என்றார், பிஸ்கற் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டு. "ஆனா கமிட்டி முடிவெடுத்திட்டுது. நான் அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்கிறன்."

"ஜெபிக்கிறது இருக்கட்டும் ஐயா. அவளுக்காக ஒருக்கால் வாயைத் திறந்து கதையுங்கோ."

அவர் பிஸ்கற்றைப் பார்த்தார். இரண்டு பக்கமும் நிற்கிறவர் கடைசியில் ஒரு பக்கமும் நிற்பதில்லை என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

கமிட்டிக்கும் போய்க் கத்தினேன். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு இது, சபையின் பேரால் அச்சடித்துக் கொடுத்தது, அதைச் சாப்பிட்டுவிட்டு நாளைக்கு அவளுக்கு விசுவாசத்தைப் பற்றி எந்த வாயால் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். செயலாளர் பெருந்தன்மையோடு இறங்கிவந்தார்: மற்ற நடுவர்களுக்குக் காட்டாமல் தான் மட்டும் பார்ப்பாராம்.

"ஒளிக்க ஒண்டும் இல்லையெண்டால் பிள்ளை ஏன் பயப்பிடுது?" என்றார்.

"நீங்கள் குளிக்கேக்கை கதவைப் பூட்டுறனீங்கள்தானே சேர்? அதுக்குள்ளை ஒளிக்க என்ன கிடக்கு?"

பெண்கள் இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள், தோள் குலுங்கியது. அவருக்கு முகம் கறுத்தது. தீர்மானம் தீர்மானமாகவே இருந்தது. போதகர் ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

அடுத்த நாள் ரியூசன் விட்டு வரும் வழியில் அவளே சைக்கிளை எங்கள் படலையில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றாள். பிறகு, "ஆன்ரி, எனக்கு இன்னொண்டு அடிச்சுத் தருவியளோ? மேலை சண்டை கிண்டை ஒண்டும் வேண்டாம். மற்றப் பிள்ளையளின்ரை மாதிரியே."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும் மனம் குளிர்ந்தும் விட்டது. முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும்! அதே நிறத்தில், அதே பெயரோடு, அவள் நிற்கும்போதே அடித்துத் தைத்துக் கொடுத்தேன். "இதை அவைக்குக் குடு. அவை கேட்டதெல்லாம் எழுதிக் குடு. மற்றதை நீ வைச்சிரு," என்றேன். தலையாட்டினாள். படிப்பில் சூரி, ஒரு மாதத் தியானத்தை இரண்டு நாளில் எழுதி முடித்துக் கொடுத்துவிட்டாள். செயலாளர் எனக்குத் தொலைபேசி எடுத்து, "பாத்தீங்களோ பிள்ளை, கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சால் எல்லாம் சரி வரும்," என்றார். நான் "ஓம் சேர், ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு, வைத்த பிறகு தனியே இருந்து சிரித்தேன். அவரை ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு அவ்வளவு புளுகம், அவ்வளவு சந்தோசம்.

திடப்படுத்தல் நாள் வந்தது. பிள்ளைகள் வெள்ளை உடுத்து வரிசையாக நின்றார்கள். பேராயர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவள் பிழையில்லாமல், தெளிவான குரலில் பதில் சொன்னாள். தாய் எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஆராதனை தொடங்குமுன்னர் என் காதுக்குள் சொல்லியிருந்தார்: அன்று விடியவும் மகன் காசு கேட்டு அவருடைய அறைக் கதவை உதைத்தானாம்; தங்கச்சிதான் குறுக்கே நின்றாளாம்.

பிறகு மண்டபத்தில் பரிசளிப்பு. ரோல்ஸ், கேக், மாலை, வரவேற்புரை. வெள்ளிக்கிண்ணம் அவளுக்கே கிடைத்தது. நான் எல்லோருக்கும் மேலாகக் கைதட்டினேன். கிண்ணத்தைக் கொடுக்கமுன், வென்ற கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தை வாசிக்கப்போவதாகச் செயலாளர் கண்ணாடியைப் போட்டார்.

மூன்று பந்திகள். என் அண்ணன் தீய வழியில் போனார். நாங்கள் குடும்பமாக முழந்தாளில் நின்று ஜெபித்தோம். ஆண்டவர் எங்கள் கண்ணீரைக் கண்டார், இன்று என் அண்ணன் விடுதலை பெற்று, புது மனிதனாக எங்களோடு வீட்டில் ஜெபிக்கிறார், ஸ்தோத்திரம். வாசிக்கும்போது செயலாளரின் குரல் தழுதழுத்தது. அந்த மனிதர் உண்மையாகவே அழுதார். பேராயர் ஆமென் என்றார். பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். எனக்குப் பக்கத்தில் தாய், கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் தாயைச் சுற்றி ஆட்கள் சேர்ந்தார்கள். மாதக்கணக்கில் பக்கத்தில் இருக்க யோசித்தவர்களெல்லாம் வந்து கையைப் பிடித்தார்கள். "தம்பி நல்லாய் வந்திட்டான் என்ன? ஆண்டவர் பெரியவர்!" அவர் "ஓம், ஓம்" என்று எல்லோருக்கும் சொன்னார். இனி மேல் அந்தக் குரல் தாழ்த்திய விசாரிப்பும் தேவையில்லை. சபைக்குப் பெரிய பாரம் ஒன்று இறங்கிவிட்டது. அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்ததற்கு இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. எனக்கு அவர்கள் ஒவ்வொருவரின் முகத்திலும் தேத்தண்ணியை ஊற்றவேண்டும் போலிருந்தது.

அவள் மண்டபத்துக்கு வெளியே, சைக்கிள்கள் நிற்கிற பக்கமாகக் கிண்ணத்தோடு தனியே நின்றாள். நான் போய்த் தோளில் தட்டினேன். "கெட்டிக்காரி. சேரையே அழ வைச்சிட்டாய்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"இண்டைக்குப் போய் உன்ரை மற்றக் கொப்பியை எடு. ஆண்டவரோடை பிடிக்க நல்ல சண்டை ஒண்டு கிடக்கு."

"அதிலை இப்ப எழுதுறேல்லை ஆன்ரி."

"ஏன்?"

"எழுத வருகுதில்லை. இருந்தால் மூண்டு பந்தியாய்த்தான் வருது." கிண்ணத்தின் கைபிடியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "காலமை அண்ணை கதவை உதைக்கேக்கை, உண்மையாய் ஒருக்கால் கேப்பமெண்டு கண்ணை மூடினனான். வாயிலை வந்தது இந்தப் பரிசெடுத்த பக்கம்தான். கடைசியிலை ஸ்தோத்திரமும் சொல்லிப்போட்டன்."

நான் கிண்ணத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

அதற்குள் மண்டபத்து வாசலில் செயலாளர் கைதட்டிக் கூப்பிட்டார். பேராயரோடு படம் எடுக்கவேண்டுமாம். அவள் போய் நடுவில் நின்றாள். தாயைக் கூப்பிட்டு ஒரு பக்கம் நிறுத்தினார்கள், போதகர் மற்றப் பக்கம்.

"கிண்ணத்தைக் கொஞ்சம் உயத்திப் பிடி பிள்ளை. சிரி," என்றார் செயலாளர்.

அவள் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்து, அவர்கள் விரும்பின மாதிரியே சிரித்தாள்.